நிறைந்துபோன பெட்டியும் ஒரு டின் இறைச்சியும்

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் எனக்குப் பட்டம் தரத் தயாராக இருக்கிறது. வகுப்புக்குப் போக வேண்டாம். பரீட்சை எழுத வேண்டாம். புத்தகம்? அதையும் தொட வேண்டாம். 'அன்புள்ள நண்பரே' என்று ஆரம்பித்து, போன மாதம் இமெயிலில் கேட்டிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது.

கேரள எல்லையில், பாறசாலை ரயில்வே ஸ்டேஷனிலிருந்து உள்ளே நடந்து போகிற ஊர் எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, முழுசாகப் படித்து வெளியே வந்த முதல் ஆள் நான். மழையில் நனைந்த நோட்டை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்துப் படித்திருக்கிறேன். டிகிரி சர்டிபிகேட்டை வாங்கி வந்த அன்று, அம்மா கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டாள். அப்படிப்பட்ட ஒன்றை இவர்கள் 'வேண்டுமா, இரண்டாக அனுப்பட்டுமா' என்று கேட்டால்?

அம்மாவிடம் சொன்னேன். அம்மா நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நாசமா போறவனுவ. இத முன்னமே எழுதியிருந்தா உனக்க பஸ்சுக் கூலி மிச்சமாக்கும்."

இந்த மாதிரிக் கடிதங்கள் உங்களுக்கும் வருகின்றனவா? வர ஆரம்பித்திருக்கும். ஊரெல்லாம் பிரவுசிங் சென்டர் திறந்துகொண்டிருக்கிறார்களே! அதனால்தான் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குப்பைக் கடிதம் என்ன செய்துவிடும் என்று நானும்தான் நினைத்திருந்தேன்... என் அப்பாவை விமான நிலையத்தில் தனியாக நிறுத்தப் பார்த்தது அது.

நெய்யாற்றின்கரையில் கோர்ட்டுக்குப் பக்கத்து மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் எடுக்கிறேன். அங்கேதான் எனக்கென்று ஒரு இலவச இமெயில் பெட்டி திறந்தேன். அதைத் திறந்ததே அப்பாவுக்காக.

அப்பா வளைகுடாவில், பாலைவனத்து நடுவே ஒரு கேம்ப் சமையல்கூடத்தில் வேலை பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முன்பெல்லாம் கூட இருப்பவர் யாராவது எழுதித் தர, கடிதம் வந்து சேர இரண்டு வாரம் ஆகும். பிறகு கேம்ப் ஆபீசில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அங்கே இருந்த கிளார்க் திருச்சூர்க்காரர். அப்பா சொல்லச் சொல்ல, காதில் விழுவதை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் தட்டிவிடுவார். எங்கள் ஊர்த் தமிழ் திருச்சூர் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேரும். ஆனால் ஒரே நாளில் வந்துவிடும்! முதல் மெயிலை நான் வீட்டில் வாசித்தபோது, "இன்னைக்கு சொன்னத இன்னைக்கே கேக்குதேனா?" என்று அம்மா மூன்று தடவை கேட்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்பா டவுனுக்குப் போனபோது சென்டருக்குப் போன் செய்தார். அவருடைய குரலில் ஏதோ ஒரு துள்ளல்.

"மக்கா, கம்பெனிய மூடுதானுவ. ஊருக்கு வந்தா இனி திரிச்சுப் போவண்டாம். டிக்கெட் கையில கிட்டின உடனே மெயிலு போடுதேன். நீ ஏர்போட்டுக்கு வரணும், கேட்டியா? நீதான் வரணும்."

"நான் வராம யாரு வருவா அப்பா?"

"கார் புடிச்சுட்டு வா."

"என் சம்பளத்துல புடிச்சுட்டு வாறேன்."

அதோடு லைன் போய்விட்டது. லைன்தான் போனதா... தெரியவில்லை.

அவர் கடைசியாக லீவில் வந்துபோய் நான்கு வருஷம். அப்போது நான் காலேஜில் சேர்ந்திருந்தேன். 'நீ படிச்சு முடி, நான் வாறேன்' என்று சொல்லிவிட்டுப் போனார். நான் முடித்துவிட்டேன். இனி அவர் வர வேண்டியதுதான் பாக்கி. டிக்கெட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கம்பெனி நினைத்த நேரம் கையில் தரும், நாலைந்து நாளில் ஏற வேண்டும். ஆகவே அந்த ஒரு மெயில்... அந்த ஒன்று மட்டும் தவறாமல் வர வேண்டும்.

இந்த நேரத்தில்தான் என் பெட்டியில் 'அன்புள்ள நண்பர்கள்' வந்து குவிந்தார்கள்.

எப்படி? அதில்தான் எங்கள் ஊர் மரியாதை இருக்கிறது.

வளைகுடாவுக்கு ஆள் போயிருக்கிற வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. கடிதம் வந்தால் அன்றைக்கே பதில் போட வேண்டும். வந்த கடிதத்துக்குப் பதில் போடாத வீடு எங்கள் பக்கத்தில் நல்ல வீடு இல்லை. அந்தப் பக்கம் ஒரு மனிதன் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்பான் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் குப்பைக் கடிதம் வந்தபோது நான் அதை அம்மாவிடம் ஒரு தமாஷாகச் சொன்னேன். உடம்பு மெலிய மாத்திரை தருகிறார்களாம் என்று.

"யாரு எழுதினது?"

"தெரியாதும்மா. யாரோ அமெரிக்காக்காரன்."

"அங்ஙன இருந்து நம்மள நெனச்சு எழுதியிருக்கான். பதிலு போட்டியா?"

"இதுக்கு எதுக்கம்மா பதிலு?"

"வேணும்னா வேணும், வேண்டாம்னா வேண்டாம். ஒரு வாக்கு எழுதுயதுக்கு உனக்கு என்ன கொறஞ்சா போவும்? இதுக்கா படிக்க வச்சது?"

எழுதினேன். மறைப்பானேன்... எனக்கும் ஆசைதான். என் இங்கிலீஷைக் காட்ட எங்கள் ஊரில் வேறு இடம் ஏது? 'மதிப்புக்குரிய ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் அனைவரும் இங்கே நலம். எங்கள் வீட்டில் மெலிய வேண்டியவர்கள் தற்சமயம் யாரும் இல்லை. தங்கள் அக்கறைக்கு நன்றி.'

எவ்வளவு அழகான கடிதம்! அதற்குப் பரிசாக அடுத்த நாள் மூன்று வந்தது. மூன்றுக்கும் பதில் போட்டேன். சில கடிதங்களுக்கு அடியில், 'இனி வேண்டாமென்றால் இங்கே அழுத்தவும்' என்று பணிவாகப் போட்டிருந்தார்கள். அதையும் பணிவாக அழுத்தினேன். அதன்பிறகு வந்ததற்குக் கணக்கே இல்லை.

பக்கத்து மேசை பிந்து ஒருநாள் என் திரையை எட்டிப் பார்த்தாள். நெய்யாற்றின்கரைக்காரி, வீட்டில் மலையாளம். என்னுடன் பேசும்போது எங்கள் பாஷை, அவசரம் வந்தால் அவள் பாஷை.

"அய்யோ! நீ இதினெல்லாம் மறுபடி அயச்சோ?"

இதற்கெல்லாம் பதில் அனுப்பினாயா என்கிறாள். ஆமாம் என்றேன். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"எட்டீ, இது மனுசன் எழுதுயதே இல்ல. ஒரே காயிதத்த லெச்சம் பேருக்கு மிசினு அனுப்பும். பதிலு வந்தா, இந்த வீட்ல ஆள் உண்டுன்னு தெரிஞ்சுபோவும். பின்ன விடுவானுவளா?"

அவள்தான் இன்னொன்றும் சொன்னாள். இந்தக் குப்பைக் கடிதத்துக்கு அமெரிக்காவில் ஒரு பட்டப்பெயர் உண்டாம். ஏதோ ஒரு டின் இறைச்சியின் பெயராம் அது. யாருக்கும் வேண்டாத பண்டம், ஆனாலும் தட்டில் வந்து விழுந்துகொண்டே இருக்கும் என்று கிண்டலாம்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டின் இறைச்சியா? யாருக்கும் வேண்டாததா?

எங்கள் வீட்டில் வந்து கேட்டுப் பார்க்கட்டும்!

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா லீவில் வந்தால் பெட்டியில் துணி இருக்கும், சோப்பு இருக்கும், தைலம் இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில், சட்டையில் சுற்றி, மாட்டிறைச்சி டின்கள் இருக்கும். மேல் பக்கம் ஒடுங்கி அடிப்பக்கம் அகன்ற டின். பக்கவாட்டில் ஒரு சின்னச் சாவி ஒட்டியிருக்கும். அந்தச் சாவியைத் தகரத்தின் நாக்கில் மாட்டி, சுற்றிச் சுற்றிப் போனால் டின் இரண்டாகப் பிரியும். சாவி சுற்றும் உரிமை எனக்கு. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கை வெட்டிவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். மாடு பிரேசில் நாட்டு மாடு என்று டின்னில் போட்டிருக்கும். பாஸ்போர்ட் இல்லாமல் கடல் தாண்டி வளைகுடாவுக்குப் போய், அங்கிருந்து பாறசாலை வரை வந்த மாடு!

அம்மாவுக்கு அந்த மாட்டின் மேல் பிரியம் உண்டு, நம்பிக்கை கிடையாது. "எப்பம் செத்ததோ, யாரு வேவிச்சதோ" என்பாள். முன்பே வெந்த இறைச்சியை இன்னொரு தடவை வேகவைப்பாள். பிறகு தேங்காய்க்கொத்து, சின்ன உள்ளி, நல்லமிளகு, ஒரு கை கறிவேப்பிலை போட்டு, தேங்காய் எண்ணெயில் கறுக்க வறுப்பாள். பக்கத்தில் ஆவி பறக்க மரச்சீனிக் கிழங்கு, மரவள்ளிதான். அந்த வாசனை வந்தால் எங்கள் தெருவுக்கே தெரியும், இந்த வீட்டில் ஆள் வந்திருக்கிறது என்று.

அப்பா மட்டும் தொட மாட்டார். "எனக்கு அங்க தெனமும் இதாக்கும். நீங்க தின்னுங்க" என்று தன் பங்கை என் தட்டில் தள்ளிவிடுவார்.

காலி டின்களை அம்மா எறிய மாட்டாள். கழுவித் துடைத்து, முன்னறைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைப்பாள். வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று. திறக்காத டின்கள் இருக்கும் இடம் வேறு. அடுக்களையில் அரிசிப் பெட்டிக்குள், அரிசிக்கு அடியில். கேட்கிறவர்களுக்கு அலமாரியைக் காட்டி, "எல்லாம் தீந்துபோச்சு, பாக்குதியல்லா" என்று சொல்லிவிடுவாள். கிறிஸ்துமசுக்கு ஒன்று, என் பரீட்சை முடிந்தால் ஒன்று என அரிசிக்கு அடியிலிருந்து வெளியே வரும்.

அன்று சாயங்காலம் பிந்து சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குக் குப்பைக் கடிதத்தின் மேல்கூடக் கோபம் வரவில்லை. பெயர் வைத்தவன் மேல்தான் வந்தது.

"வேண்டாம்னு சொன்னவன் பட்டினி கெடந்திருக்க மாட்டான்" என்றாள்.

மறுநாள் திரையில் ஒரு வரி வந்தது: உங்கள் பெட்டி நிறைந்துவிட்டது, புதிய கடிதங்கள் ஏற்கப்பட மாட்டா.

அப்பாவின் மெயில்?

உட்கார்ந்து அழித்தேன். எங்கள் சென்டரின் டெலிபோன் லைனுக்கு ஒரு கடிதத்தை அழிப்பதும் ஒன்றுதான், ஒரு தென்னையை வெட்டுவதும் ஒன்றுதான். அழுத்தினால் காத்திருக்க வேண்டும். பிந்து அடுத்த கம்ப்யூட்டரில் தன் வேலையை விட்டுவிட்டுக் கூட உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, அப்பா அல்ல என்று தெரிந்துகொண்டு அழித்தோம். மாத்திரைக்காரர், வட்டிக்காரர், பட்டம் தருகிறவர், பரிசு விழுந்ததாகச் சொல்கிறவர்... எல்லோரும் போனார்கள்.

பெட்டி காலி. அப்பா அதில் இல்லை.

கேம்ப் கிளார்க்குக்கு நான்கு வரி எழுதினேன். பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. கேம்ப் ஆபீசையே கழற்றிக் கட்டிவிட்டார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. குப்பை நிறைந்த பெட்டியைவிட, ஒன்றும் இல்லாத பெட்டிதான் பயமாக இருந்தது. அப்பா அனுப்பி, அது திரும்பிப் போய்விட்டதா? அனுப்பவே இல்லையா? வந்து இறங்கி, வெளியே நிற்கிற கூட்டத்தில் என் முகத்தைத் தேடிக்கொண்டு நிற்கிறாரா? போர்டு வாசிக்கத் தெரியாத மனிதர். நான்கு வருஷம் கழித்து வருகிறவர்.

"தினமும் ஏர்போட்டுக்குப் போயி நிக்கட்டாம்மா?" என்றேன். அம்மா மரச்சீனி உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி இன்னும் வேகமாகப் போனது.

சனிக்கிழமை மத்தியானம், வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

இறங்கியவரை எங்களுக்குத் தெரியாது. கசங்கிய பேண்ட், தூக்கம் இல்லாத கண், மேலே வெளிநாட்டு சென்ட் வாசனை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"அக்கா, எனக்க ஊரு பூவாரு. சேவியருன்னாக்கும் பேரு. உங்க வீட்டுக்காரருக்ககூட ஒரே கேம்பு. இன்னைக்குக் காலத்ததான் பிளைட்டு எறங்கினேன்."

அம்மா கையில் கத்தியோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"பயப்படாதுங்க அக்கா. அண்ணன் சுகமா இருக்காரு. நாளைக்குக் காலத்த வாறாரு. எனக்கு அடுத்த பிளைட்டாக்கும் கெடச்சது அவருக்கு." பையிலிருந்து ஒரு டின் இறைச்சியை எடுத்து அம்மா கையில் வைத்தார். "மத்தவங்களுக்குள்ளத மெதுவா குடுத்தா போதும், இத மட்டும் இன்னைக்கே குடுத்து, வெவரம் சொல்லணும்னு சத்தியம் வாங்கிட்டாரு. பெட்டியில எடை ஏறிப்போச்சு. மடியில வச்சாக்கும் கொண்டு வந்தேன்."

"மெயிலு அனுப்பலியா அண்ணா?" என்றேன் நான்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"நீதானா அந்த மகள்? அனுப்பினாரு மோளே. திரும்பி வந்துட்டு. உனக்க பெட்டி நெறஞ்சுபோச்சுன்னு கிளார்க்கு வாசிச்சுச் சொன்னான். அன்னையிலேந்து அண்ணனக் கையில புடிக்க முடியல்ல. 'எனக்க மகளுக்குப் பெட்டி நெறையக் காயிதமாக்கும்! எங்கெங்கேருந்தோ எழுதுயானுவ! எனக்க காயிதத்துக்கே எடமில்ல!' கேம்பு முழுக்கச் சொல்லி நடந்தாரு."

நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டின்னைப் பார்த்தேன்.

"இரியுங்க, சோறு தின்னுட்டுப் போவலாம்" என்றாள் அம்மா.

"இல்ல அக்கா. பிள்ள பொறந்து நான் இன்னும் மொகம் பாக்கல்ல. வழி இதானேன்னு ஏறினேன். வாறேன்."

வழியா? விமான நிலையத்திலிருந்து பூவாருக்குப் போகிறவருக்கு எங்கள் வீடு எந்த ஊர் வழி? தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் முன்னால், யாரோ ஒருவர் வீட்டுக்கு, யாரோ ஒருவருடைய டின்னை மடியில் வைத்துச் சுமந்துகொண்டு, சுற்றி வந்திருக்கிறார். ஆட்டோ திரும்பிப் போகும்போதுதான் அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை என்று உறைத்தது. அதனால் இங்கே சொல்கிறேன். சேவியர் அண்ணா, நன்றி. உங்கள் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். ஆளுக்கு இத்தனை கிலோ என்று விமானத்தில் கறாராக அளந்து தருகிறார்கள். அதில் தன் வீட்டுச் சாமானைக் குறைத்து, கூட இருப்பவன் வீட்டுக்கு ஒரு பொட்டலம் ஏற்றிக்கொள்வார்கள். அப்பா வராத வருஷங்களில் நான் தின்ற ஒவ்வொரு டின்னுக்கும் அப்படி யாராவது ஒருவர் இடம் விட்டிருப்பார். அந்த 'அன்புள்ள நண்பரே' கடிதம் ஏன் லட்சக்கணக்கில் வருகிறது? அனுப்புகிறவனுக்கு ஒரு சுமையும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஆராதனைக்குப் போகவில்லை. எனக்கு நினைவு தெரிந்து அது முதல் தடவை. என் சம்பளத்தில் பிடித்த அம்பாசிடரில் நானும் அம்மாவும் விடிவதற்குள் திருவனந்தபுரம் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றோம். அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டுபிடித்ததும் அங்கிருந்தே கத்தினார்:

"மக்கா! உனக்க பெட்டி நெறஞ்சுபோச்சாமே!"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்ன சொல்வது? "ஆமாப்பா" என்றேன்.

மத்தியானம் டின்னைத் திறக்க உட்கார்ந்தோம். வழக்கம்போல் சாவி என் கையில். பாதியில் சாவி முறிந்துவிட்டது. "இங்க தா" என்று அப்பா வாங்கினார். அடுக்களைக் கத்தியை எடுத்தார். ஒரு குத்து, ஒரு திருப்பு. டின் பூப்போல வாய் திறந்தது. கையில் ஒரு கீறல் இல்லை. நானும் அம்மாவும் வாயைப் பிளந்து பார்த்தோம்.

"எங்க படிச்சிய இத?" என்றாள் அம்மா.

"பின்ன, கேம்புல எனக்க வேல என்னன்னு நெனச்ச? காலத்தேருந்து அந்தி வர டின்னு தொறக்கதாக்கும். இது எனக்க டிகிரி." அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அவர் விரல்களைப் பார்த்தேன். பழைய கோடுகள், வெள்ளை வெள்ளையாக.

படிக்காமல் பட்டம் தருகிற பல்கலைக்கழகத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்த விரல்களைப் பற்றித்தான் எழுதியிருப்பேன்.

அன்று அப்பா முதல் தடவையாகத் தன் பங்கைத் தானே தின்றார். இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.

இனி, வாசகர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். தெரியாதவன் கடிதத்துக்குப் பதில் போடாதீர்கள், அம்மா சொன்னாலும். 'வேண்டாமென்றால் அழுத்தவும்' என்பதை அழுத்தாதீர்கள். கேட்கிற இடத்திலெல்லாம் முகவரி கொடுக்க வேண்டியிருந்தால், அதற்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த யோசனை பிந்துவுடையது. நான் போய் அம்மாவிடம் விளக்கியபோது, "இது என்ன புதுசு?" என்றாள் அம்மா. கண்ணாடி அலமாரிக்கு ஒன்று, அரிசிப் பெட்டிக்குள் ஒன்று!

அப்படியே செய்தேன். பழைய முகவரி ஊருக்கு. புதியது வீட்டுக்கு மட்டும், அப்பாவுக்காக. ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. பெட்டி காலியாகவே கிடக்கிறது. ஒரு கடிதம்கூட வரவில்லை.

எப்படி வரும்? எழுத வேண்டியவர் அடுக்களையில் அம்மாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு மரச்சீனி உரிக்கிறார்.